கேர்னலிடம் விட்ட பேரேடு: இணுவில் தம்பிக்கு ஒரு கடிதம்

அன்புள்ள தம்பிக்கு,

இணுவிலில் ஒரு சிக்கனக் கடன் சங்கத்தின் கணக்குக்காக நீர் எழுதிய சேமிப்பு எஞ்சினின் நிரலை இதை எழுதுபவர் கடைசி வரி வரை வாசித்து முடித்திருக்கிறார். பி-பிளஸ் மரம் எப்படிப் பிரியும், பக்கத்தின் தலைப்பில் என்னென்ன இருக்க வேண்டும் என்பதெல்லாம் உமக்குத் தெரிந்தவை. அவற்றைப் பற்றி இங்கே ஒரு சொல்லும் இல்லை. நேரே நிரலில் உள்ள ஒரு குறிப்பு வரிக்கு வருவோம்.

கொடுக்கல் வாங்கலை முடித்துவைக்கும் செயற்கூறுக்கு மேலே நீர் எழுதியிருப்பது இது: "மாற்றிய பக்கங்களை லினக்ஸ் 30 வினாடி கழித்துத்தான் தட்டில் எழுதும். அதற்குள் வேலை முடிந்துவிடும்."

கோப்பு முழுவதையும் எம்மாப் மூலம் நினைவகத்தோடு பொருத்துகிறீர். அந்தப் பக்கங்களிலேயே நேரடியாகத் தொகைகளை மாற்றுகிறீர். கடைசியில் மாறியவற்றைத் தட்டில் எழுதச் சொல்லும் ஓர் எம்சிங்க் அழைப்பு, அவ்வளவுதான். எந்தப் பக்கத்தை நினைவகத்தில் வைப்பது, எதை வெளியேற்றுவது, எப்போது தட்டில் எழுதுவது என்ற பஃபர் வேலை முழுவதையும் கேர்னல் பார்த்துக்கொள்ளும் என்று விட்டுவிட்டீர். நிரல் சின்னதாக, வாசிக்க அழகாக இருக்கிறது. ஆனால் அந்தக் குறிப்பு வரி பிழை. அதை நம்பி எழுதிய எல்லாமும் பிழை.

அந்த 30 வினாடி லினக்ஸ் கொடுக்கும் வாக்குறுதி அன்று. மாற்றக்கூடிய ஓர் இயல்பு அமைப்பு. எழுதும் இழை 5 வினாடிக்கு ஒருமுறை விழித்து, 30 வினாடிக்கு மேல் பழசான மாற்றம் எங்கே இருக்கிறது என்று தேடுகிறது. அந்தப் பழசை அது பக்கம் பக்கமாகக் கணக்கிடுவதில்லை. கோப்பில் முதல் மாற்றம் எப்போது நடந்தது என்றுதான் பார்க்கிறது. அரை நிமிடத்துக்கு முன் யாரோ ஓர் அங்கத்தவரின் முகவரியைத் திருத்தியிருந்தால் போதும், இந்த நொடி நீர் கை வைத்த பக்கமும் அதோடு சேர்ந்து தட்டுக்குப் போய்விடலாம். நினைவகம் நெருக்கடியானால் இந்த நேரக் கணக்கும் செல்லாது. எம்லொக் போட்டுத் தடுக்கலாம் என்று நினைத்துவிட வேண்டாம். பக்கம் நினைவகத்தை விட்டு வெளியேறுவதைத்தான் அது தடுக்கும். தட்டில் எழுதப்படுவதைத் தடுக்காது.

உமது நிரலிலேயே இது எப்படி நடக்கும் என்று பாரும். ஓர் அங்கத்தவர் தன் சேமிப்பிலிருந்து 5,000 ரூபாயை எடுத்துக் கடனுக்குக் கட்டச் சொல்கிறார். சேமிப்புக் கணக்கு ஒரு பக்கத்தில், கடன் கணக்கு வேறொரு பக்கத்தில். சேமிப்பில் 5,000 ரூபாயைக் கழித்தாயிற்று. கடனில் இன்னும் கழிக்கவில்லை. இந்த இடைவெளியில் கேர்னல் முதல் பக்கத்தை மட்டும் தட்டில் எழுதுகிறது. கறண்ட் போகிறது. கணினியைத் திரும்பப் போட்டால் சேமிப்பில் 5,000 ரூபாய் குறைவு, கடன் பழையபடி. இடையில் ஒரு வேலை அரைகுறையாக நின்றது என்பதற்குக் கோப்பில் எந்தத் தடயமும் கிடையாது. எம்சிங்க் வரைக்கும் போய்ச் சேர்ந்திருந்தாலும் கதை மாறாது. பல பக்கங்களை அது தான் நினைத்த வரிசையில் எழுதும். எல்லாம் அல்லது ஒன்றுமில்லை என்ற உறுதி அதனிடம் இல்லை.

கணினி விஞ்ஞானத்தில் இது இன்றைக்கு முளைத்த வாதம் அன்று. இங்கிரெஸ் தரவுத்தளத்தை யுனிக்ஸ் மேல் கட்டிய மைக்கேல் ஸ்டோன்பிரேக்கர் 1981ஆம் ஆண்டிலேயே இயங்குதளம் தரும் பஃபரும் தரவுத்தளத்தின் தேவையும் ஏன் ஒத்துப்போவதில்லை என்று ஒரு கட்டுரை எழுதினார். எந்தப் பக்கம் இனித் தேவைப்படும் என்பது தரவுத்தளத்துக்குத் தெரியும், இயங்குதளத்துக்குத் தெரியாது. எந்தப் பக்கம் எதற்கு முன் தட்டுக்குப் போக வேண்டும் என்பதும் அப்படியே. கோப்பை நினைவக முகவரியோடு பொருத்திவிடும் வழியையும் அவர் அந்தக் கட்டுரையில் எடுத்துப் பார்த்து, பஃபரில் சொன்ன அதே சிக்கல்கள் அங்கும் வரும் என்று எழுதிவைத்தார். நீர் பிறப்பதற்கு எத்தனையோ வருடங்களுக்கு முன்.

பிறகும் ஆட்கள் அந்த வழியால் போனார்கள். 2009இல் வெளிவந்த மொங்கோடிபி தரவுத்தளம் நீர் செய்ததைத்தான் செய்தது: கோப்பைப் பொருத்து, மிச்சத்தைக் கேர்னல் பார்க்கும். 32-பிட் கணினிகளில் 2 ஜிகாபைட்டுக்கு மேல் தரவு வைக்க முடியவில்லை. 2011 வரை அதில், மாற்றங்களை முன்கூட்டியே பதிந்துவைக்கும் குறிப்பேடே இல்லை. கணினி திடீரென்று நின்றால் கோப்பைப் பழுதுபார்க்க வேண்டியிருந்தது. பிறகு குறிப்பேடு சேர்ப்பதற்காக ஒரே கோப்பை இரண்டு தடவை பொருத்தினார்கள். மாற்றங்கள் முதலில் தனிப் பிரதியில், அங்கிருந்து குறிப்பேட்டில், அதன் பிறகு பொதுப் பிரதியில். எளிமைக்காகத் தொடங்கிய வழி அந்தச் சிக்கலில் கொண்டுபோய் விட்டது. 2014 டிசம்பரில் வயர்ட்டைகர் என்ற நிறுவனத்தை வாங்கி, சொந்தப் பஃபர் வைத்திருக்கும் அதன் எஞ்சினை 2015 முடிவில் இயல்பு எஞ்சினாக்கினார்கள். பழைய எம்மாப் எஞ்சினை 2019இல் வெளிவந்த 4.2 பதிப்பில் ஒரேயடியாக நீக்கினார்கள். காசும் ஆட்களும் நிறைய இருந்த ஒரு நிறுவனத்துக்கே அதிலிருந்து வெளியேறப் பத்து வருடம் பிடித்தது.

இன்ஃப்ளக்ஸ்டிபி, சிங்கிள்ஸ்டோர் என்ற தரவுத்தளங்கள் இரண்டும் இதே வழியால் போய்த் திரும்பியவை. லெவல்டிபியின் எம்மாப் வாசிப்புத் தந்த சிக்கல், பேஸ்புக் தனக்கென்று ரொக்ஸ்டிபியை உருவாக்கிய காரணங்களில் ஒன்று. இவற்றையெல்லாம் ஒரே இடத்தில் தொகுத்து, அளந்தும் காட்டியவர்கள் ஆண்ட்ரூ குரொட்டி, விக்டர் லைஸ், ஆண்டி பாவ்லோ மூவரும். 2022இல் வந்த அவர்களுடைய கட்டுரையை அச்செடுத்து வைத்துக்கொண்டு வாசியும்.

இனி வாசகருக்கும் உமக்கும் ஒரு பழைய கதை.

1995 ஒக்டோபர் 30. போரால் வலிகாமம் முழுவதும் ஒரே இரவில் வீதிக்கு வந்த நாள். இணுவிலுக்கு அயலில் இருந்த ஒரு சங்கத்தின் முகாமையாளர் சைக்கிளின் பின் கரியரில் உடுப்புப் பைக்கு மேலே காசேட்டையும் பற்றுச்சீட்டுப் புத்தகங்களையும் பொலித்தீனில் சுற்றிக் கட்டிக்கொண்டு நாவற்குழிப் பாலத்தைக் கடந்து தென்மராட்சிக்குப் போனார். பேரேடுகள் தடித்த புத்தகங்கள். அவற்றை அலுமாரியிலேயே விட்டுவிட்டார். அடுத்த வருடம் திரும்பி வந்தபோது அந்தப் பேரேடுகள் பாதி கறையானுக்குப் போயிருந்தன, மீதி மழையில் ஒட்டிக் கிடந்தன. மனிதர் பதறவில்லை. கடைசியாகக் கணக்காய்வு முடிந்த திகதியின் மீதிகள் ஒரு பிரதியாக அவரிடம் இருந்தன. அங்கிருந்து தொடங்கிக் காசேட்டை ஒவ்வொரு பதிவாக வாசித்து, ஒவ்வோர் அங்கத்தவரின் மீதியையும் புதிய பேரேட்டில் ஏற்றினார். பக்கத்தில் இருந்து பதிவுகளை உரக்க வாசித்துக் கொடுத்தவர் இதை எழுதுபவர். மண்ணெண்ணெய் விளக்கு வெளிச்சத்தில் பெயர், தொகை, திகதி என்று வாசிக்க, அவர் நீல மையால் எழுதிக்கொண்டே போவார். காசு கையில் வந்த அந்தக் கணத்திலேயே காசேட்டில் எழுதிவிடுவது அவருடைய மாறாத பழக்கம். பேரேட்டில் ஏற்றுவது பின்னேரம் நடக்கும், சில வேளை அடுத்த நாளும் நடக்கும். அந்த வரிசையை அவர் ஒருநாளும் புரட்டியதில்லை. அதனால்தான் ஓர் அங்கத்தவரின் காசும் தொலையவில்லை.

தம்பி, உம்முடைய எஞ்சினில் பேரேடு மட்டும் இருக்கிறது. காசேடு இல்லை.

அந்த முகாமையாளர் பழக்கத்தால் செய்ததைத் தரவுத்தளங்களுக்கு இலக்கணமாக எழுதியவர்களின் தலைவர் ஒரு தமிழ்நாட்டுக்காரர் என்பதை நீர் அறிந்திருக்க வேண்டும். சி. மோகன் 1955இல் தமிழ்நாட்டில் பிறந்தவர். 1977இல் சென்னை ஐஐடியில் பட்டம் பெற்று, 1981இல் ஒஸ்டினில் உள்ள டெக்சஸ் பல்கலைக்கழகத்தில் முனைவரானார். பிறகு ஐபிஎம் ஆய்வுக்கூடத்தில் பல பத்தாண்டுகள் வேலை செய்தார். அவரும் நான்கு சகாக்களும் 1992இல் வெளியிட்ட ஏரிஸ் கட்டுரை ஏறத்தாழ 70 பக்கம். எழுதி 30 வருடத்துக்கு மேல் ஆகியும், கறண்ட் போய்த் திரும்பும் தரவுத்தளம் தன் கணக்கை எப்படிச் சரிப்படுத்த வேண்டும் என்று கற்க விரும்புகிறவர்கள் அங்கேதான் போகிறார்கள்.

அதில் உமக்குத் தேவையான விதி ஒன்றுதான். ஒவ்வொரு மாற்றத்துக்கும் குறிப்பேட்டில் ஏறுவரிசையில் ஓர் எண் கிடைக்கிறது. ஒவ்வொரு பக்கமும் தன்னை மாற்றிய கடைசிக் குறிப்பின் எண்ணைத் தன் தலைப்பில் வைத்திருக்கிறது. அந்த எண் வரையான குறிப்புகள் தட்டில் பத்திரமான பிறகுதான் பக்கம் தட்டுக்குப் போகலாம். முடியாத கொடுக்கல் வாங்கலின் பக்கமும் அதன் பிறகு போகலாம், பாதகமில்லை. குறிப்பேட்டைப் பார்த்துப் பழைய நிலைக்குக் கொண்டுவரலாம். இந்த விதியைக் காப்பாற்ற வேண்டுமானால் பக்கம் எப்போது எழுதப்படுகிறது என்பது உம்முடைய நிரலின் கையில் இருக்க வேண்டும். கோப்பை எழுதும் உரிமையோடு எம்மாப் செய்த அடுத்த நொடி அது உம்முடைய கையை விட்டுப் போய்விடுகிறது. எண்ணைச் சரிபார்க்கக் கேர்னல் உம்மிடம் வந்து கேட்காது.

அடுத்தது உம்முடைய சோதனை. சோதனைகளைப் பற்றி இதை எழுதுபவர் கண்டவரிடமெல்லாம் பேசுவது ஊருக்கே தெரியும். உம்மிடமும் பேசத்தான் போகிறார். நிரல் ஓடிக்கொண்டிருக்கும்போது கில் கட்டளையால் அதைக் கொன்று, திரும்ப ஓட்டி, தரவு சரியாக இருப்பதைக் காட்டியிருக்கிறீர். "விபத்தைத் தாங்கும்" என்று தலைப்பும் போட்டிருக்கிறீர். அந்தச் சோதனை, கறண்ட் போவதைப் பற்றி எதையும் நிறுவவில்லை. நிரல் செத்தாலும் கேர்னல் சாகவில்லை. பொருத்திய கோப்பின் மாறிய பக்கங்கள் கேர்னலின் நினைவகத்தில் பத்திரமாக இருக்கின்றன. அவற்றை அது ஆறுதலாகத் தட்டில் எழுதிவிடும். நீர் சோதித்தது உம்முடைய எஞ்சினை அல்ல, லினக்ஸை. லினக்ஸ் தேறிவிட்டது.

சுவரிலிருந்து பிளக்கைப் பிடுங்க வேண்டும். மடிக்கணினியில் செய்யக்கூடாது, பட்டறி காப்பாற்றிவிடும். மேசைக் கணினி ஒன்றில் கொடுக்கல் வாங்கல்களை ஓடவிடும். முடிந்துவிட்டது என்று எஞ்சின் சொன்ன ஒவ்வொன்றின் எண்ணையும் வலையமைப்பு வழியாக இன்னொரு கணினிக்கு அனுப்பும். நடுவில் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, திரும்பப் போட்டு, மற்றக் கணினியில் இருக்கும் ஒவ்வோர் எண்ணும் கோப்பில் இருக்கிறதா என்று பாரும். எல்லாக் கணக்குகளின் மொத்தமும் மாறாமல் நிற்கிறதா என்று பாரும். ஒரு தடவை போதாது. இரவு முழுவதும் செய்ய வேண்டும். கை நோகும் என்றால் லினக்ஸில் டிஎம்-லொக்-ரைட்ஸ் என்ற கருவி இருக்கிறது. தட்டுக்குப் போன ஒவ்வோர் எழுத்தையும் வரிசையாகப் பதிந்துவைத்து, எந்தப் புள்ளியில் கறண்ட் போயிருந்தாலும் கோப்பு எப்படி இருந்திருக்கும் என்று திருப்பிக் காட்டும். ஆனாலும் முதல் தடவை பிளக்கைக் கையால் பிடுங்கும். நிரலாளர் ஒருவர் அதைத் தன் கண்ணால் பார்க்க வேண்டும்.

யாழ்ப்பாணத்தில் இருந்துகொண்டு இதை மறக்கலாமா? 1990இல் போன மின்சாரம் வருடக்கணக்காக வராத ஊர் இது. ஜாம் போத்தல் விளக்கில் படித்தவர்களும், சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலிச் செய்தி கேட்டவர்களும் இன்னும் இங்கே இருக்கிறார்கள். அதெல்லாம் பழங்கதை என்றால் 2022ஐ நீரே கண்டீர். அந்த மார்ச் முடிவில் நாடு முழுவதும் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு. ஜெனரேற்றருக்கு டீசல் இல்லை. கடைசி மின்வெட்டு அதுதான் என்று யாரும் எழுதித் தரவில்லை. சங்கத்தின் யூபிஎஸ் பட்டறி எத்தனை வருடப் பழசு என்று ஒருமுறை கேட்டுப் பாரும்.

வேகத்துக்கு வருவோம். நீர் போட்ட வரைபடத்தில் எம்மாப் கோடு உயரே, சாதாரண வாசிப்பின் கோடு கீழே. சோதித்த கணினியின் நினைவகம் 16 ஜிகாபைட், கோப்போ 300 மெகாபைட். எல்லாப் பக்கமும் எப்போதும் நினைவகத்தில் இருக்கும்போது எம்மாப் வெல்லத்தான் செய்யும். கேர்னல் அழைப்பும் ஒரு நகலும் மிச்சம். கோப்பு நினைவகத்தைத் தாண்டினால் என்ன நடக்கிறது என்பதை மேலே சொன்ன குரொட்டி, லைஸ், பாவ்லோ மூவரும் அளந்தார்கள். 100 இழைகள் 4 கிலோபைட் பக்கங்களை அங்கொன்றும் இங்கொன்றுமாக வாசிக்கின்றன. கேர்னலின் பஃபருக்கு 100 ஜிகாபைட். நேரடி வாசிப்பு ஒரே தட்டிலிருந்து வினாடிக்குச் சுமார் 9 லட்சம் வாசிப்புகளில் நிலையாக நின்றது. எம்மாப்பும் முதலில் அதே வேகத்தில்தான் போனது. அரை நிமிடம் ஆவதற்குள் நினைவகம் நிரம்ப, சில வினாடிகளுக்கு வேகம் கிட்டத்தட்டப் பூச்சியம். பிறகு எழுந்தாலும் பாதி வேகத்தைத் தாண்டவில்லை. ஒரு பக்கத்தை வெளியேற்றும்போது அதன் முகவரியை மற்ற எல்லாச் செயலிக் கருக்களின் முகவரிக் குறுநினைவிலிருந்தும் அழிக்க வேண்டும். வெளியேற்றும் வேலையையும் ஒரு கேர்னல் இழையே இழுக்க வேண்டியிருக்கிறது.

உம்முடைய சங்கத்துக்கு இந்த எண்கள் எதுவும் பொருந்தாது என்று நீர் சொல்லலாம். உண்மைதான். புகையிலையும் வெங்காயமும் செய்கிற அங்கத்தவர்களின் ஒரு நாள் கொடுக்கல் வாங்கல் சில நூறைத் தாண்டாது. அப்படியானால் அந்த வரைபடம் எதற்கு? யாருக்கும் தேவையில்லாத வேகத்துக்காக எல்லோருக்கும் தேவையான நம்பிக்கையை விற்றிருக்கிறீர். இதை எழுதுபவருக்கு உண்மையாகவே கோபம் வந்த இடம் இதுதான்.

பிழைகளைக் கையாளும் இடத்திலும் ஓர் ஓட்டை. சாதாரண வாசிப்பில் தட்டு பழுதானால் அழைப்பு பிழை எண்ணைத் திருப்பும். எம்மாப்பில் சுட்டியைத் தொட்ட எந்த வரியிலும் சிக்பஸ் என்ற சமிக்ஞை வந்து நிரலை வீழ்த்தும். உமது நிரலில் அதைப் பிடிக்க எதுவும் இல்லை. எஸ்கியூலைட் 2013இல் எம்மாப் வசதியைச் சேர்த்தபோது அதை இயல்பாக அணைத்தே வைத்தது; அதன் ஆவணங்கள் சொல்லும் காரணங்களில் இதுவும் ஒன்று.

இவ்வளவும் சொன்ன பிறகு ஒன்றை மனம் திறந்து சொல்ல வேண்டும். உமது பெயர்ச் சுட்டிக்கு நிகரான ஒன்றை இதை எழுதுபவர் கண்டதில்லை. அங்கத்தவர் பெயர்களை யூனிகோட் எண் வரிசையில் அடுக்கினால் 'கனகம்மா' முன்னுக்கும் 'கமலா' பின்னுக்கும் வரும், ஏனென்றால் அங்கே னகரம் மகரத்துக்கு முன்னால் நிற்கிறது. புள்ளி வைத்த எழுத்து உயிர்மெய்களுக்கெல்லாம் பின்னால் போய்விடும். எத்தனையோ பெரிய மென்பொருள்கள் இன்றும் இப்படித்தான் தமிழ்ப் பட்டியல் தருகின்றன. நீரோ ஒவ்வொரு தமிழ் எழுத்துக்கும் அகரவரிசைப்படி இரண்டு பைட்டில் ஓர் எண் கொடுத்து, அதையே மரத்தின் சாவியாக வைத்துவிட்டீர். யூடிஎஃப்-8இல் ஆறு பைட் பிடிக்கும் 'கி' உம்மிடம் இரண்டே பைட். வரிசை சரி, ஒப்பிடுவது வெறும் பைட் ஒப்பீடு, ஒரு பக்கத்தில் அடங்கும் பெயர்களும் அதிகம். கிரந்த எழுத்துகளுக்கு இடம் விட்டிருக்கிறீர். முதலெழுத்துப் புள்ளிகளை நீக்கும் விதியும் சரி. அருமை தம்பி, மிக அருமை.

அந்தச் சுட்டிக் கோப்பு பெரும்பாலும் வாசிக்க மட்டும்தான். கெட்டுப்போனால் கணக்குகளிலிருந்து திரும்பக் கட்டிவிடலாம். அதற்கு எம்மாப்பை வாசிப்பு உரிமையோடு அப்படியே வைத்திரும்.

கணக்குக் கோப்புக்கு இரண்டு வழி இருக்கிறது. ஒன்று, ஹவார்ட் சூ 2011இல் ஓப்பன்எல்டாப்புக்காக எழுதிய எல்எம்டிபியின் வழி. அவரும் எம்மாப்தான் செய்கிறார், ஆனால் வாசிக்க மட்டும். பழைய பக்கத்தின் மேல் எழுதுவதே இல்லை. மாறும் பக்கங்களுக்குப் புதுப் பிரதி எடுத்து, அவற்றைச் சாதாரண எழுத்து அழைப்பால் தட்டில் எழுதி, அவை பத்திரமான பிறகுதான் மூலப் பக்கம் ஒன்றை மாற்றுகிறார். மூலப் பக்கம் இரண்டு. மாறி மாறிப் பயன்படும். ஒரு நேரத்தில் எழுதுபவர் ஒருவர்தான். வரிசை அவருடைய கையில் இருப்பதால் குறிப்பேடு இல்லாமலே கணக்கு தப்புகிறது. சங்கத்துக்கு உடனே ஒன்று வேண்டுமென்றால் அதையே எடுத்துப் பயன்படுத்தும், வெட்கப்பட ஒன்றுமில்லை.

மற்றது, நீரே ஒரு பஃபர் எழுதுவது. 8 கிலோபைட் நினைவகச் சட்டங்கள் ஆயிரம். மொத்தம் 8 மெகாபைட். பக்கத்தைப் பிடித்துவைக்க ஓர் எண்ணி, வெளியேற்ற ஒரு கடிகாரச் சுற்று, மோகன் சொன்ன அந்த ஒரு விதி. இதை எழுதுபவரின் விருப்பம் இதுதான். எம்மாப்பின் வசதி இல்லாமல் இருக்க முடியாது என்றால் 2023இல் விக்டர் லைஸும் சகாக்களும் காட்டிய விஎம்கேஷ் முறையைப் பாரும். கோப்போடு பொருத்தாத வெற்று முகவரி வெளியை எடுத்து, பக்கங்களைத் தாமே வாசித்து நிரப்பி, தாமே விடுவிக்கிறார்கள்.

இப்போது செய்ய வேண்டியது: தமிழ் வரிசை நிரலை எஞ்சினிலிருந்து பிரித்துத் தனி நூலகமாக இந்த மாதமே வெளியிடும். சங்கத்தில் எஞ்சினைப் பொருத்தும் நாளைப் பிற்போடும். ஏன் என்று முகாமையாளர் கேட்டால் அந்த 5,000 ரூபாய் உதாரணத்தைக் காகிதத்தில் போட்டுக் காட்டும். புதிய பதிப்பு முடிந்ததும், பிளக்கைப் பிடுங்கிய இரவின் பதிவுக் கோப்பையும் சேர்த்து அனுப்பும்.

அன்புடன்,
மருதனார்மடத்திலிருந்து ஒரு மூத்த நிரலாளர்